மீட்புத் துறையின் வெற்றி

மகள் வீடு திரும்பிய மறுவாரம், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவை இணை இயக்குநர் வந்து தட்டினார். பெற்றவர்களில் ஒருவரே வெளிநாட்டுக்குக் கடத்திப் போகும் பிள்ளைகளை மீட்பதற்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் பிரிவுக்குப் பெரிய தலை அவர்தான். கையில் பூங்கொத்து, பின்னால் புகைப்படக்காரர்.

இந்த முகத்தைப் பார்க்க எத்தனை தடவை அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருப்பாள்! லீவுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி மகளோடு விமானம் ஏறிய கணவன் திரும்பவே இல்லை. அவன் குடியிருந்த தெரு, பிள்ளையைச் சேர்த்திருந்த பள்ளிக்கூடம் வரைக்கும் அவளே துப்புத் துலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பெத்த அப்பன்தானேம்மா கூட்டிட்டுப் போயிருக்கான், புலியா தூக்கிட்டுப் போச்சு?" என்று அன்றைக்குச் சிரித்தவர் இவர். அடுத்த முறை போனபோது கருத்தரங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். குழந்தை மீட்பைப் பற்றிய கருத்தரங்குதான்.

கடைசியில் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளே கடல் கடந்தாள். அங்கே ஒரு பெண் வக்கீலைப் பிடித்து, நீதிமன்றத்தில் போராடி மகளை வாங்கி வந்தாள்.

"இந்த வருஷம் இதுதாம்மா பெரிய வெற்றி," என்றார் இணை இயக்குநர், கேட்காமலே நாற்காலியில் சாய்ந்தபடி. "அமைச்சருக்கு ரொம்ப சந்தோஷம்."

"யாரோட வெற்றி சார்?"

"நம்மளோடதுதான்."

அந்த 'நம்ம'வுக்குள் இந்த மனிதர் எந்தச் சந்து வழியாக நுழைந்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. மகள் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, மாமாவைப் பார்த்து சிரி பாக்கலாம்!"

"இவளுக்கு ஒரே மாமாதான் சார். கோர்ட்டு வாசல்ல என்கூடப் பட்டினி கிடந்தாரே, அவர். நீங்க கிளம்புங்க."

புகைப்படக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். இணை இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. பூங்கொத்தை மேஜைமேல் வைக்கப் போனவர், அவள் பார்த்த பார்வையில் அதையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அவள் தாழ்ப்பாள் போடுவதற்குள் படிக்கட்டில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்த முறை தனியாக வந்தார், வெறுங்கையோடு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அந்த வக்கீலம்மா நம்பர் கிடைக்குமாம்மா? என் தங்கச்சி பையனை அவ புருஷன் கொண்டுபோயிட்டான். அதே நாடுதான்."

"உங்க ஆபீஸ்லயே மனு குடுக்கலாமே சார்?"

அவர் கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் நடக்கிற கதையாம்மா?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே!

"பையனுக்கு என்ன வயசு?"

"நாலு."

அந்தப் பிள்ளைக்காக நம்பரைச் சொன்னாள். அவர் அதையும் தப்பாகப் பதிந்தார், திருத்திச் சொன்னாள்.

"உங்க தங்கச்சியையே பேசச் சொல்லுங்க. நீங்க யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க துறை பேரைக் கேட்டாலே அந்தம்மா போனை வெச்சிடுவாங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கதவைச் சாத்தினாள்.