சொல்லாத முதுகு

கும்மிடிப்பூண்டியில் நியாஸ் வேலை பார்க்கும் கம்பெனியில் யாருக்கும் முதுகு வலிக்காது. கால் வலிக்கும், தோள் பிடிக்கும், பல்கூட வலிக்கும்; முதுகு மட்டும் வலிக்கவே வலிக்காது. முதுகு என்று வாயைத் திறந்தவனை அன்றைக்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன துலுக்காணம் அடுத்த கான்ட்ராக்டில் இல்லை. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வலிக்காமல் எப்படி இருக்கும்? நியாஸ் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டின் முன்னால் ஆள் உயரத்துக்குச் சரக்கு நின்றால் பாதை தெரியாது, ரிவர்ஸில்தான் போக வேண்டும். உடம்பு முன்னால், முகம் பின்னால் என்று இடுப்பைத் திருகி உட்கார்ந்தே நியாஸின் நல்ல வயசெல்லாம் போய்விட்டது. சட்டைக்குள்ளே பெல்ட் போட்டிருப்பான். பழவேற்காட்டு வீட்டில் தினமும் காலையில் அதை இழுத்து இறுக்கிவிடுவது அவன் மனைவி ஹுமைரா. அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்த விஷயம் தெரியாது.

போன வருஷம் வலது இடுப்பு மூட்டில் ஏதோ சிக்கிக்கொண்டது போல வலி வந்தது. சூப்பர்வைசர் ஸ்டீபனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மூட்டின் ஓரத்து ஜவ்வு கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுத் தைத்துவிடலாம் என்றார் டாக்டர். முதுகு வலி உண்டா என்றும் கேட்டார். பக்கத்து நாற்காலியில் ஸ்டீபன். நியாஸ் கூசாமல் இல்லை என்றான். சமாளித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிதான் போகவில்லை. அவனோடு அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாடிப்படி ஏறும்போது இவன் கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடித்தான். ஸ்கேனில் மூட்டுக்கு ஒரு குறையும் இல்லை. நடிக்கிறான் என்று கம்பெனியில் பேச ஆரம்பித்தார்கள். இடுப்பு என்றால் நம்ப ஆளில்லை. முதுகு என்றால் வேலை இல்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான், பிறகு பாத்ரூமில் போய் அழுதான்.

ஹுமைரா ஒருநாள் பெல்ட்டைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

“இத டாக்டராண்ட நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டா? ஆபரேஷன் பண்ற ஆளாண்டயே பொய் சொல்லிக்கினு, ஏன் இன்னும் ஆறலன்னு என்னாண்ட கேட்டா இன்னா பண்றது?”

அடுத்த முறையும் ஸ்டீபன் டாக்டரின் அறை வரை கூடவே வந்தார். எப்போது வேலைக்கு வருவான் என்று கேட்டு வரும்படி மேலிடத்து உத்தரவு. அவர் எழுந்து வெளியே போவார் என்று நியாஸ் பார்த்தான். அவர் நகரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, “சார், எனக்கு ரொம்ப வருஷமா முதுகு வலி. அன்னிக்கு இல்லன்னு பொய் சொல்ட்டேன்” என்றான்.

டாக்டர் அவனைக் குனியச் சொன்னார். முதுகு வளையவில்லை. முதுகு வளையாததற்கும் சேர்த்து இடுப்பு மூட்டுதான் வளைகிறது, தைத்த இடம் எப்படி நிம்மதியாக ஆறும் என்றார். முதுகில் நரம்பு நசுங்கினாலும் வலி இடுப்பிலும் தொடையிலும் தெரியுமாம். முதுகை ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை ஃபோர்க்லிஃப்டில் உட்காரவே கூடாது.

“முன்னாடியே சொல்லியிருந்தா முதுகுலேர்ந்துதான் ஆரம்பிச்சிருப்பேன். ஆபரேஷன் வேணுமான்னே அதுக்கப்புறம் யோசிச்சிருக்கலாம்” என்றார்.

நியாஸுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் ஸ்டீபன் கார் கதவைத் திறந்தார். உடனே உட்காரவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்து, பல்லைக் கடித்து, பக்கவாட்டில் மெல்லச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை மேலே ஏறியது. உள்ளே அதே மாதிரி பெல்ட். சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் அவரும் அந்த வண்டியை ஓட்டியவர்தானே.

“உள்ள நீ இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியாது நியாஸு. நான் வெளிய நின்னுக்கினு இருந்தேன். இடுப்பு சரியாயிடுச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிடறேன். திங்கக்கெழம வந்து வண்டில ஏறிக்க.”

நல்ல மனுஷன். அதுதான் வினையே. திட்டியிருந்தால் நியாஸ் எதிர்த்துப் பேசியிருப்பான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். “ரொம்ப தேங்க்ஸ்ணே” என்று வந்தது. வீடு வரைக்கும் மனசு லேசாக இருந்தது. லேசாக இருந்ததை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

வாசலிலேயே ஹுமைரா, சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றான். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை பெல்ட்டை அவளிடம் நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிச் சுற்றி, ஒரே இழுப்பாக இழுத்தாள். அவனுக்கு மூச்சு முட்டியது.

“இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்றான்.