பட்டாளத்தாரின் முழுக்கைச் சட்டை

1961 ஜூன் 12, திங்கள், காலை பத்து மணி. கோவில்பட்டி, இஞ்ஞாசியம்மாள் வீட்டு முன்னறை. இஞ்ஞாசியம்மாள் கதவோரம் பாயில். அவள் மகள் மேரிராணி ஜன்னலடியில், தாத்தாவின் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு. மேரிராணியின் பெரியப்பா சவரிராயன் நாற்காலியில். மனு எழுத வந்த பீர் முகம்மது ஆகிய நான் முக்காலியில்.

இஞ்ஞாசியம்மாளின் அப்பா ஆசீர்வாதத்துக்கு முப்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்தது. டீச்சர் ட்ரெயினிங்கில் பட்டாளத்தார் குடும்பத்துக்கென்று ஒரு இடம் இருந்தது. புதன்கிழமைக்குள் அவருடைய பட்டாளத்து டிஸ்சார்ஜ் காகிதமும், உறவில் ஒரு ஆணின் சாட்சிக் கையெழுத்தும் போய்ச்சேர்ந்தால் அது மேரிராணிக்கு.

காகிதத்தில் இருந்த பெயர் சிவனாண்டி.

"பாத்தியளா பாய்? எவனோ செத்தவன் காயிதத்த அமுக்கிட்டு வந்திருக்காரு. இதுல நான் கையெழுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போவவா?" என்றார் சவரிராயன்.

"மொத ஜெர்மன் சண்டையில பஸ்ராவுல இருந்து திரும்பி, பெங்களூரு ஆஸ்பத்திரில கிடக்கையிலதான் ஞானஸ்நானம் வாங்கினாவ, பெரியப்பா. பேரு அப்பந்தான் மாறிச்சு."

"யாரு பாத்தா?"

மேரிராணி பெட்டியை மறுபடி துழாவினாள்; ஞானஸ்நானச் சீட்டு எதுவும் அதில் இல்லை. எனக்கும் சந்தேகம்தான். பொய்மனு எழுதினான் என்று பேச்சு வந்தால் தபாலாபீஸ் வாசலில் நான் மேசை போட முடியாது. ஆசீர்வாதத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பேத்தியின் இரண்டு சடையும் ஒரே நீளமா என்று ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். சண்டையைப் பற்றிக் கேட்டால் அவள் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொல்வார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டபடி.

சவரிராயன் பெயரோடு நிறுத்திவிட்டார்; அவர் வாசிக்காத கீழ்ப்பாதியை மடித்து வைத்துக்கொண்டு கேட்டேன். "அண்ணாச்சி, அவரைக் குளிப்பாட்டினது யாரு?"

"நாந்தான். வேற யாரு இருக்கா?"

"உடம்பில ஏதும் பாத்தியளா?"

"பாக்காமலா! வலது கையில, முழங்கைக்கு மேல, நாலு விரல் அகலத்துக்குத் தீத்தழும்பு. இடது கால்ல சுண்டுவிரலே இல்ல. எங்கயோ திருடப் போயி மாட்டியிருக்காரு. அத மறைக்கத்தான அந்த முழுக்கை?"

மடிப்பைப் பிரித்து, அடையாளங்கள் என்ற இடத்தை வாசித்தேன். வலது மேல்கையில் தீக்காயத் தழும்பு. இடது கால் சுண்டுவிரல் இல்லை.

இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்டக்கூட காட்டல," என்றாள் மேரிராணி. "நான் பயந்துருவேன்னு நெனச்சிருப்பாவ."

சவரிராயன் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மையைச் சுரண்டிப் பார்த்தார். அது நாற்பது வருஷத்து மை, வரவில்லை.

"நான் பாத்தத மட்டும் எழுதும் பாய். அவருதான் இவருன்னு நான் சொன்னதா எழுதாதீரு."

அப்படியே எழுதினேன். 'பிரேதத்தைக் குளிப்பாட்டிய நான் மேற்படி இரண்டு அடையாளங்களையும் என் கண்ணால் கண்டேன்.' மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தபாலாபீஸுக்கும் கூடவே வந்தார். நான் பசை தடவி ஒட்டிய உறையை வாங்கி, ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிரியவில்லை. பிறகு அவரே ஜன்னலுக்குள் நீட்டி, "ரிஜிஸ்தர்" என்றார். ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேரிராணி கையில் கொடுத்தார்.