இருநூற்றுப் பன்னிரண்டு பிறைகள்

அந்தப் பழைய லேத்தைப் பழைய இரும்புக் கடையில் துண்டு போடுவதற்கு முந்தின நாள் அண்ணன் பார்த்து வாங்கிவிட்டான். அவன் டர்னர், லேத்தில் இரும்பைக் கடைந்து கொடுப்பவன். வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு வெளியூரில் ஒப்பந்த வேலை. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். கைக்குழந்தைக்கு அவன் முகம் இன்னும் பிடிபடவில்லை. லேத் ஓடினால் பம்புக்கு இரும்புத் தண்டு கடையும் வேலையை மாதாமாதம் தருவதாக பம்பு கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். மாதிரித் தண்டைப் பார்க்க அடுத்த திங்கட்கிழமை வருவார். தண்டு நேராக வந்தால் அண்ணன் வீட்டோடு இருக்கலாம்.

வாசல் கொட்டகையில் லேத் இறங்கியபோது, "பீரோவைத் தள்ளிப் பெருக்கவே ஆளில்ல, இதையும் தள்ளணுமா?" என்றார் அண்ணி.

"இனி வீட்டோட நான்தான் இருக்கப் போறேன்ல, நானே பெருக்குறேன்" என்றான் அண்ணன்.

"பார்க்கத்தானே போறேன்!"

சுத்தம் செய்வது என் பொறுப்பு. தொழிற்பயிற்சி மாலை வகுப்பில், இயந்திரப் பிரிவில் எனக்கு இது நான்காவது மாதம். மறந்துவிடுவேனோ என்று பயந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் போட்டு நோட்டில் எழுதினேன். எந்தப் பக்கம் திருகுவது, டீசலில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று அண்ணனுக்கு ஒரே நாளில் ஒன்பது முறை போன் செய்தேன்.

"ஏம்மா, கொட்டாவி விடலாமான்னும் கேட்டுடு" என்றான். அதன்பிறகு கேட்கவில்லை.

புதன்கிழமை துரு நீங்கியதும், லேத்தின் நீளமான இரும்புத் தளத்தில் பிறை பிறையாகச் சின்னக் கீறல்கள் தெரிந்தன. கடையில் உளி பட்டிருக்கும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன். பிறகு கை கிரைண்டரால் இரண்டு நாள் தேய்த்தேன். தளத்தில் என் முகம் தெரிந்தது. நோட்டில் எழுதினேன்: 'தழும்புகள் 212. நீக்கியாயிற்று.'

ஞாயிறு காலை அண்ணன் முதல் தண்டைக் கடைந்தான். ஒரு முனை மறுமுனையைவிட மயிரிழை அளவு பருமனாக இருந்தது. லேத்தை மட்டம் பார்த்து மறுபடி கடைந்தான். மூன்றாவதும் அப்படியே வந்தது. தளத்தைத் துடைத்து நகத்தால் தடவினான்.

"இதுல பிறை மாதிரி இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. அடிபட்டதுன்னு நினைச்சேன்."

"தளம் நேரா இருக்கணும்னு கையால சுரண்டினதும்மா அது. எண்ணெய் தங்குறதும் அதுலதான்." நோட்டைப் புரட்டினான். "எண்ணி வேற வச்சிருக்க."

"ஆமா."

"கணக்குல புலிதான்."

"திரும்பச் சுரண்ட முடியாதா?"

"சுரண்டத் தெரிஞ்ச ஆள் கிடைச்சாலும் ஆறு மாசம் ஆகும்."

வெளியே போய் பம்பு கம்பெனிக்காரருக்குப் போன் செய்தான். "நாளைக்கு வர வேணாம் சார். மெஷின் சரியா வரல." என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

"எண்ணெய் பூசி வை, துரு ஏறிடும்" என்றான்.

பூசினேன். அண்ணி வாசலில் வந்து நின்றார். கையில் அவன் வெளியூருக்கு எடுத்துப்போகும் சட்டைகள்.

"இன்னும் காயல. பையில வைக்கவா?"

"வை. பஸ்ல காஞ்சுடும்."

நான் தளத்தின் மறுபாதிக்கும் எண்ணெய் பூசினேன்.