மாப்பிள்ளையின் கால் கழுவிய தண்ணீர்

சுஜீத்தின் காலில் பட்ட தண்ணீர் சிவப்பு வைனாகிவிடும். குளியலறையிலும் அப்படித்தான், மழையிலும் அப்படித்தான். பிரைட்டன் கடலில் அவன் நின்ற இடம் ஒரு பாய் அகலத்துக்குச் சிவந்ததை ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் பல வருடம் இருந்துவிட்டு இங்கிலாந்தில் கென்ட் பக்கம் திராட்சைத் தோட்டம் வாங்கிய விஜயரத்தினத்தின் குடும்பத்துக்கு இது பெரிய விசயமில்லை. சின்ன வயதிலிருந்து தொட்டிக்குள் இறங்கித் திராட்சை மிதித்த பிள்ளை, கொஞ்சம் ஊறத்தானே செய்யும் என்றார்கள். சப்பாத்து புளித்து நாறுவதற்கு மட்டும் தாய் ஏசுவாள்.

வாமதேவன் லண்டன் இல்ஃபோர்ட்காரர். சுத்த சைவம், கோயில் நிர்வாக சபை, அடுத்தவர் வாய் வைத்த கோப்பையைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர். ஒரே மகள் பிரியந்தி சுஜீத்தைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றதால், ஒக்டோபர் ஞாயிறு ஒன்றில் மனைவி செல்வமலரோடு அந்தத் தோட்டத்துக்குப் போனார். படி ஏறும்போதே புளித்த வாடை. குப்பையில் போகவேண்டிய, நீலப் பூஞ்சணம் பிடித்த சீஸைப் பலகையில் வைத்துத் தேன் ஊற்றித் தந்தார்கள். கத்தரிக்காயைப் புளிக்காடி வினாகிரியிலும் சீனியிலும் பிரட்டி, சிசிலிச் சாப்பாடு என்று பெருமை வேறு. கத்தரிக்காய்க்கு இப்படி ஒரு கேடு வந்திருக்க வேண்டாம். பிறகு சுஜீத் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். குதியில் வெடிப்பு, முழங்கால் மயிரில் திராட்சைத் தோல். தூ! அப்படி மிதித்துப் பிழிந்ததைத்தான் கிளாஸில் ஊற்றி நீட்டினார்கள்.

“ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ சம்பந்தி, எங்கட மண்ணின்ர ருசி,” என்றார் விஜயரத்தினம்.

“மண்ணின்ர ருசியோ, காலின்ர ருசியோ?” என்று கேட்டுவிட்டு, வாமதேவன் கொடிகளுக்குள் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார். விஜயரத்தினத்தின் முகம் கறுத்துப்போனது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தலையில் தெளிக்க வேண்டும் என்றார் ஐயர். கழுவுகிற மாதிரிக் காட்டினால் போதாதா என்று வாமதேவன் கேட்டுப் பார்த்தார். போதாதாம்.

“எத்தினை மாப்பிள்ளையளின்ர கால் கழுவேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள் அப்பா,” என்றாள் பிரியந்தி. “அதெல்லாம் புண்ணியம், சுஜீத்தின்ர கால் மட்டும் அரியண்டமோ? நீங்கள் கழுவாட்டி நான் ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டு போயிடுவன். பிறகு இந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டன்.”

சொன்னால் செய்கிற பிள்ளை. வாமதேவனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் செல்வமலர் செம்பைச் சரித்தாள். வெள்ளித் தாம்பாளம் சிவந்தது. புளித்த வாடைக்கு இல்ஃபோர்ட் ஆட்கள் மூக்கைப் பொத்தினார்கள். பலெர்மோ ஆட்கள் இந்த வருடச் சரக்கு நல்லது என்று கதைத்துக்கொண்டார்கள். வாமதேவன் விரலிடுக்கைக் கழுவினார், வெடித்த குதியைக் கழுவினார், அள்ளித் தலையில் தெளித்தார். ஒரு சொட்டு நெற்றியால் வழிந்து, விபூதியைக் கரைத்துக்கொண்டு உதட்டில் வந்து நின்றது. மணப்பெண் அறைக் கதவைப் பாதி திறந்துவைத்து, பிரியந்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சீ!” என்றார் வாமதேவன், விழுங்கினார். கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஐயர் தாம்பாளத்தில் இருந்ததை வெளியே ஊற்றிவிட்டு வரச் சொல்லி, அடுத்த மந்திரத்தைத் தொடங்கினார்.