மண் துரியோதனன் கொடுத்த விருது

உத்திரமேரூர் பெரிய ஏரிக்குக் கீழே, திரௌபதியம்மன் கோயில் களத்தில், 1973 சித்திரையில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் ஒன்பது வருஷம் மழையில் கரையவில்லை. நாற்பதடி நீளம், மல்லாந்த முகம், முறுக்கிய மீசை. வழக்கப்படி அவனுக்கு ஆயுசு ஒரே நாள்தான். பாரதக் கூத்தின் கடைசி நாள் காலையில் துரியோதனன் வேஷக்காரர் அந்த மண் மார்மீது ஏறி நிற்பார். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தைச் சுழற்றி மண் தொடையில் ஓங்கி அடிப்பார். உள்ளே புதைத்த சட்டி உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். பாரதம் முடிந்தது என்று சனங்கள் ஆளுக்கொரு பிடி மண்ணை நெல்குதிரில் போட எடுத்துப் போவார்கள். மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். அந்த வருஷம் அடியே விழவில்லை. துரியோதனன் வேஷம் கட்டிய தேவராஜன், அடி விழுவதற்கு முன்பே செத்துப்போனார்.

அடிக்க வேண்டிய பீமன் எல்லப்பன். இருவருக்கும் முப்பது வருஷப் பகை. ஒரே கூத்து ஜமாவில் தேவராஜன் சேர்ந்து மூன்று மாதம் கழித்து எல்லப்பன் சேர்ந்தார். மூன்றே மாதம். முதல் ராத்திரி எல்லப்பன் திரையை விலக்கிக்கொண்டு பீமனாக வந்து நின்றபோது, சிம்மாசனத்தில் இருந்த தேவராஜன் பாட்டில் இல்லாத ஒரு வசனத்தைப் போட்டார். “யார்ரா இவன், புது ஆளா? சலங்கை கட்டத் தெரியுமா?” சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு வந்த வசனத்தை எந்தக் கூத்தாடி விடுவான்? எல்லப்பனுக்குத் தலை நரைத்தது, மூட்டு தேய்ந்தது, மகளைக் கட்டிக்கொடுத்து மருமகனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். அப்போதும் அவர் புது ஆளுதான். மேடைக்கு வெளியே இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. செங்கல்பட்டு பஸ்ஸில் ஒருவர் முன்வாசலில் ஏறினால் மற்றவர் பின்வாசலில் ஏறுவார். வருஷம் முழுக்க வாங்கியதையெல்லாம் எல்லப்பன் அந்த ஒரே அடியில் திருப்பிக் கொடுப்பார். மண் தொடைதான் என்றாலும் மனசு ஆறும்.

அன்று அவர் கதாயுதத்தை ஓங்கியிருந்தார். மண் மார்மீது நின்ற தேவராஜன், “அடிக்கவாவது கத்துக்கினியாடா, புது ஆளு?” என்று கேட்டார். சபை சிரித்து முடிப்பதற்குள் மெதுவாக உட்கார்ந்தார், கிரீடத்தோடு சாய்ந்தார். ஊரே அழுதது. எல்லப்பனும் அழுதார், ஆத்திரத்தில் அழுதார். அடி வாங்காமல் தப்பித்துவிட்டானே பாவி என்று அவருக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் பிணத்தை எரித்துவிட்டு வந்து சாங்கியத்தை முடிக்கப் பார்த்தார்கள். எல்லப்பன் அடித்தார், கதாயுதம் இரண்டாக முறிந்தது, தொடையில் கீறல்கூட விழவில்லை. கொல்லன் சம்மட்டியால் அடித்துப் பார்த்துவிட்டு, மழுங்கிய சம்மட்டியை மறுபடி காய்ச்சப் போனான். வேறு துரியோதனன் செய்யலாம் என்றால் குழைத்த மண் கையிலேயே புழுதியாகிக் கொட்டியது. எழுபத்தேழில் ஏரி கலங்கல் வழிந்து களத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபோது பார்த்தால் மீசை முறுக்குகூடக் கலையவில்லை. தொடங்கிய பாரதம் முடியாமல் சுற்றுப்பட்டு எந்த ஊரிலும் கூத்துக்குச் சலங்கை கட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எல்லப்பன் சடையப்பனுடைய ரைஸ்மில்லில் நெல் காயவைக்கப் போனார். காலால் நெல்லைக் கிளறும்போது கால் தன்போக்கில் பீமனுடைய அடி வைக்கும். சுற்றி நின்றவர்கள் பார்த்துவிட்டுப் பல்லைக் கடிப்பார்கள். அவர் வயிற்றெரிச்சல்தான் தேவராஜனைக் கொன்றது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சு உடனே காலியாகும். இன்னொரு தடவை வேஷம் கட்டாமல் செத்துப்போவோமோ என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

எழுபத்து நாலில் பூசாரிமேல் சாமி வந்து, தேவராஜன் குரலிலேயே, “எஞ் சலங்கைய வாங்கிக்க ஒருத்தன் வரட்டும், அப்பால போறேன்” என்றது. கோயில் தர்மகர்த்தாவும் சடையப்பன்தான். மெட்ராஸில் நாலு பரிசளிப்பு விழா பார்த்திருந்த மனுஷன், இதையும் விழாவாக்கிவிட்டார். ரோஸ் நோட்டீஸ் அடித்தார்கள். கூத்து வாத்தியார் தேவராஜன் நினைவு வளரும் கலைஞர் விருது, முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும், பரிசு வாத்தியாரின் சலங்கை மற்றும் சால்வை. போட்டியாளர்கள் சலங்கை இல்லாமல் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து மேடைக்கு வரும்போது பாடும் திரைப்பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும். யார் தீர்ப்புச் சொல்வது என்று சண்டை வந்தபோது தேவராஜனின் பெண்சாதி இந்திராணிதான் முடித்து வைத்தாள். “அந்த ஆளையே ஒக்கார வையுங்க. எங்க வூட்டுக்காரரு எந்த எடத்துல மூச்சு வாங்குவாருன்னு எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். முப்பது வருசமா அதத்தான பாத்துக்கினு இருந்தான்.” சொல்லிவிட்டு எல்லப்பன் பக்கம் காறித் துப்பினாள். எல்லப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். எவனாவது அந்தச் சலங்கையை வாங்கித் தொலைத்தால்தான் அவர் மறுபடி மேடை ஏற முடியும்.

முதல் வருஷம் ராஜகுளத்துத் தறிக்காரர் மகன் பாண்டுரங்கன் பாடினான். பாதிப் பாட்டில் மண் துரியோதனன் முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டான். அத்தனை பெரிய தலை திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, கொஞ்சம் தூசி பறந்தது. போனால் போகிறது என்று சலங்கையைப் பாண்டுரங்கனிடம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் கட்டிப் பார்த்தால் சத்தமே வரவில்லை. ஒரு வாரத்தில் காஞ்சிபுரம் பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு வருஷாவருஷம் இதுவே நடந்தது. யாராவது பாடுவார்கள், மண் தலை மேற்கே திரும்பும், மறுநாள் விடிந்தால் பழையபடி வானத்தைப் பார்த்துக் கிடக்கும். எல்லப்பனும் மண்ணும் கூட்டு என்று தோற்றவர்கள் பேசினார்கள். ஒருத்தன் அவர் சைக்கிள் டயரைக் கிழித்தான். எண்பதில் யாரோ அவர் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அவர் பெண்சாதி ஆண்டாளம்மாள் அதை வாசல் தெளித்ததாக வைத்துக்கொண்டு மேலே கோலம் போட்டுவிட்டாள்.

எண்பத்திரண்டில் மூன்றே பேர் வந்தார்கள். மூன்றாவது இளைஞன் சினிமா மெட்டைக் கலந்து பாடினான். மண் துரியோதனன் திரும்பக்கூடச் சிரமப்படவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். அந்த இளைஞன் இரண்டாம் அடியை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் இழுத்தான், எல்லப்பனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நிறுத்துடா! இன்னாடா பாட்டு இது, தாலாட்டா? எவன் பாட்ட எவன் பாடுறது!” என்று கத்திவிட்டுத் தானே ஆரம்பித்தார். அது எதிரியின் பாட்டு. முப்பது வருஷம் திரைக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட பாட்டு. எந்த எழுத்தில் தேவராஜன் மூச்சைத் திருடுவார், எந்த இடத்தில் மீசையைத் தொடுவார் என்பதெல்லாம் அவருக்குள் அப்படியே கிடந்தது. நீ பாடியதைவிட நான் நன்றாகப் பாடுவேன், எப்போதுமே பாடியிருப்பேன், உனக்குக் கிரீடத்தைக் கொடுத்தது அந்த மூன்று மாதம்தான் என்று மண் முகத்தைப் பார்த்தே பாடினார். அறுபத்தொரு வயதில் குரல் ஏரிக்கரை தாண்டிப் போனது. தேவராஜன் ஒருநாளும் தொடாத மேல் ஸ்தாயியைத் தொட்டுவிட்டு நின்றார்.

காலை எட்டு மணிக்குப் பாட்டு முடிந்தது. எட்டேகாலுக்கு மண் தலை கிழக்கே, எல்லப்பன் நின்ற பக்கம், திரும்பத் தொடங்கியது. சனங்கள் நாஷ்டா சாப்பிடப் போய்விட்டு வந்தார்கள். பத்து மணி வாக்கில் தலை முழுக்கத் திரும்பியது, கண் திறந்தது, வாய் பிளந்தது. “யார்ரா இவன், புது ஆளா?” என்றது மண். “பரவால்ல, தேறுவான். கட்டுங்கடா சலங்கைய.”

சபை சிரித்தது. ஒன்பது வருஷமாகச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தது. எல்லப்பனுக்கு முகம் சிவந்தது. செத்த பிறகும் இவனுக்குத் திமிர் அடங்கவில்லை, நாலு ஊர் பார்க்க என்னை வளரும் கலைஞன் ஆக்கிவிட்டான் என்று நினைத்தார். சடையப்பன் நோட்டீஸை விரித்துவைத்துக்கொண்டு, “முப்பது வயசுன்னு போட்டுகீதே, இவருக்கு எப்படிங்க?” என்று மண்ணைப் பார்த்துப் பணிவாகக் கேட்டார். இந்திராணி சலங்கையைக் கொண்டுவந்து எல்லப்பன் காலடியில் போட்டாள், கையில் கொடுக்கவில்லை. அவர் குனியவும் இல்லை, போகவும் இல்லை. தேவராஜன் பெயரில், தேவராஜன் சலங்கையை, தேவராஜன் வாயால் புது ஆள் என்று சொல்லி வாங்குவதைவிடச் சாகும்வரை நெல் கிளறலாம் என்று இருந்தது. கூட்டத்திலிருந்து ஆண்டாளம்மாள்தான் குரல் கொடுத்தாள். “இன்னாத்துக்கு நிக்கிற? வாங்கிக் கட்டிக்கினு, அந்த ஆளு தொடையில ஒரே போடா போட்டுட்டு வா. சோறு ஆறிப்போவுது.”

எல்லப்பன் குனிந்து கட்டினார். சலங்கை சத்தம் போட்டது. புதுக் கதாயுதத்தை வாங்கிக்கொண்டு களத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். மூட்டு வலித்தது, முகத்தில் காட்டவில்லை. ஒன்பது வருஷப் பாக்கி அத்தனையும் சேர்த்து ஒரே அடி. சட்டி உடைந்தது, குங்குமத் தண்ணீர் அன்று கரைத்ததுபோல ஓராள் உயரம் பீறிட்டு இந்திராணி புடவைவரை தெறித்தது. “இப்பத்தான் கத்துக்கினான்” என்றது மண். பிறகு உச்சி வெயிலில், ஒரு பொட்டு மழை இல்லாமல், கரைந்து இறங்கத் தொடங்கியது. சனங்கள் முறம், அன்னக்கூடை எல்லாம் எடுத்துவந்து அள்ளினார்கள். எல்லப்பனும் ஒரு பிடி எடுத்தார். ஏன் எடுத்தார் என்று ஆண்டாளம்மாள் கேட்டதற்கு, தன் அடியைத் தாங்கிய மண் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார்.

கோயில் சுவரில் இன்றும் பலகை இருக்கிறது. வளரும் கலைஞர் விருது, 1982, எல்லப்பன், வயது 61. அடுத்த வருஷத்திலிருந்து நோட்டீஸில் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள், விருது சால்வையோடு வழக்கம்போல் இளைஞர்களுக்குப் போனது. எல்லப்பன் மேலும் ஆறு வருஷம் பீமன் கட்டினார். அந்தப் பிடி மண்ணைத் துணியில் முடிந்து அரிதாரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு கூத்திலும் திரைக்குப் பின்னால் அவர் சலங்கை கட்டும்போது பெட்டிக்குள்ளிருந்து, “கட்டத் தெரியுமாடா, புது ஆளு?” என்று கேட்கும். அவர் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அதுவும் பதிலுக்குத் திட்டும். மிருதங்கக்காரர் இன்னொரு ஆவர்த்தம் சேர்த்து வாசிப்பார். இரண்டு பேரும் ஓய்ந்த பிறகுதான் திரை பிடிப்பவர்கள் திரையை இறக்குவார்கள்.