பொங்கலன்று தோற்கக் கூடாத ராஜா

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இப்படி உட்காருங்கள். எங்கோ இருந்த ஒரு ராஜ்ஜியம், பிரிட்ஜ்வாட்டர் பள்ளிக்கூட மேடையில் எழுந்து விழுந்த கதையைச் சொல்கிறேன்.

பவுனம்மா தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழச்சி. இங்கே நியூ ஜெர்சியில் நர்ஸாக நின்று நின்றே கால் வீங்கியவள். தொண்ணூற்றெட்டாம் வருஷப் பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்தார் கேட்டார்கள் என்று, தான் பிறந்த மண்ணின் ஜூலு ராஜ்ஜியத்தை நாடகமாக எழுதினாள். சின்னக் குலம் ஒன்று அக்கம்பக்கத்தைச் சேர்த்துப் பெரிய நாடானது. துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரனை, நூறு வருஷத்துக்கும் முன்னே ஒரு ஜனவரியில் ஈட்டியால் ஜெயித்தது. அதே வருஷம் ஜூலையில் தலைநகர் எரிந்தது, பிறகு ராஜா கைதியாகக் கப்பலேறினார். அந்த எரிதலைச் சொல்லத்தான் அவள் பேனாவையே எடுத்தாள். அந்தச் சாம்பல் மேல்தான் பின்னாளில் கரும்பு நட்டார்கள். அதை வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கூலியாகப் போனவன் அவள் பாட்டன்.

சனிக்கிழமை, ஷிஃப்ட் முடிந்து நேரே ஒத்திகைக்கு வந்தாள். ராஜாவாக நடிக்கும் வேலுமணி, போன வருஷ நாடகத்துச் சோழ ராஜாவின் ஜிகினா கிரீடத்தோடு நின்றான்.

"தம்பி, ஜூலு ராஜாவுக்குக் கிரீடம் ஏது?"

"கிரீடம் இல்லாட்டி ராஜான்னு எவனுங்க ஆன்ட்டி நம்புவான்?"

கழற்றச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அதற்குள் செயலாளர் ஸ்ரீநிவாசன் வந்துவிட்டான்.

"ஆன்ட்டி, கமிட்டியில ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நல்ல நாளும் அதுவுமா ராஜா தோக்கறதா? ஊர் எரியறதா? மங்களமா முடியணும். ஜனவரியில ஜெயிச்சாரில்ல, அங்கேயே ஸ்டாப் பண்ணிடுங்க."

"பாதிக் கதைதானே ஆகும்?"

"இல்லேன்னா அந்த டைமுக்கு டான்ஸ் போட்டுடுவோம் ஆன்ட்டி."

"அப்ப நானு கப்பலே ஏறமாட்டனுங்களா?" என்றான் வேலுமணி.

"நீ சும்மா இருய்யா."

பவுனம்மா மேடை விளிம்பில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். சண்டை போடவும் ஒரு வலு வேண்டுமே. "சரி தம்பி. ஜெயிச்சதோட முடிச்சிடறேன்."

வீட்டுக்குப் போய், குக்கர் விசில் அடிக்க அடிக்கக் கடைசிக் காட்சியை மாற்றி எழுதினாள்.

பொங்கலன்று அரங்கம் நிறைந்திருந்தது. வீரன் ஓடி வந்தான். "ஜெயித்துவிட்டோம், ராஜா!" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"நல்லது. போருக்குப் போன என் பிள்ளைகள் எங்கே?"

"வருகிறார்கள், ராஜா."

"அம்மாக்கள் வாசலில் நிற்கிறார்கள். கூப்பிடு."

வீரன் பெயர் பெயராய்க் கூப்பிட்டான். ஒருவரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். கைதட்டல் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை. ராஜா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "இந்த ஜெயத்தை நான் யாரிடம் சொல்வேன்?"

திரை விழுந்தது.

ஸ்ரீநிவாசன் மைக்கோடு வந்தான். "ஜெயிச்ச மாதிரியே இல்லையே ஆன்ட்டி?"

"ஜெயிச்சாங்க தம்பி. இப்படித்தான் ஜெயிச்சாங்க."

அவன் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஆன்ட்டி" என்றான். கீழே தாய்மார்கள் எழுந்து போய், நடையில் ஓடியாடிய பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு எல்லோரும் வந்து சேரட்டும். வருகிறவர்களுக்குச் சோறு சூடாய் இருக்கட்டும்.