நீல ஒயர்

"நெஜமாச் சொல்லும்மா. ஒயரை மாத்தினா உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது மகள் அதைக் கேட்டாள். அம்மாவால் கட்டிலில் சாய்ந்து உட்கார முடிந்த நாட்கள் அவை. அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"எந்த ஒயரு?"

"நல்லாக் கேட்டே போ. அப்பா அந்தப் பாட்டுப்பெட்டிக்குப் பின்னாடி ஒரு கரண்ட் ஒயரைப் பிடுங்கி இன்னொண்ணைச் சொருகிட்டு, உன்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, 'இப்ப எப்படி இருக்கு, முன்னாடி எப்படி இருந்துச்சு'ன்னு கேப்பாரே. அந்த ஒயரு."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை மகள் சீப்பை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

"எனக்கு என்னடி தெரியும்? பாட்டு பாட்டு மாதிரிதான் இருக்கும். நான் அவரு முகத்தைத்தான் பாப்பேன். 'தெரியுதுங்க'ன்னு சொன்னா, பரீட்சையில பாஸான பையன் மாதிரி ஆயிடுவாரு. சொல்லிட்டுப் போறேன், எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"இத்தனை வருஷமாவா?"

"ஆரம்பத்துல ஒரு தடவை தெரியலைன்னு சொல்லிப் பாத்தேன். அன்னிக்கு அவருக்குச் சாப்பாடே எறங்கலை. அதோட விட்டுட்டேன்." அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு ஆசை உண்டு. அந்தப் பாட்டு ரூம்ல இன்னொரு நாற்காலி போடுங்கன்னு."

"நாற்காலியா?"

"ஒண்ணுதானே கெடக்கு. நான் உக்காந்தா அவரு நிப்பாரு. அவரு உக்காந்தா நான் கதவுகிட்ட நிப்பேன். பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டு கேட்டதில்லை ரெண்டு பேரும்."

"வாயைத் தெறந்து கேட்டாத்தானே?"

"உங்க அத்தை அவருகிட்ட கேட்டுப் பாத்தா ஒரு தடவை. சத்தம் வந்து சேர்ற எடம் ஒண்ணுதானாம், நடுவுல. ரெண்டு போட்டா ரெண்டு பேருக்கும் கெட்டுப்போகுமாம். அதுக்கப்புறம் நான் எதுக்கு வாயைக் கொடுக்கணும்?" சீப்பில் வந்த முடியை அம்மா விரலில் சுற்றிக்கொண்டாள். "நீ போய் உளறி வைக்காதே. நானே ஒரு நாள் கேட்டுக்கறேன்."

அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் பேச்சை அத்தோடு மறந்துபோன மகளுக்கு, அது முழுவதும் நினைவுக்கு வந்தது அம்மாவின் கடைசி நாள் காலையில், ஈரத் துண்டோடு அறைக்குள் நுழைந்தபோதுதான்.

கட்டிலுக்கு அடியில் நீல ஒயர் கிடந்தது. கட்டை விரல் தடிமன், மேலே பின்னல் போட்ட பளபளப்பான உறை. அப்பாவிடம் இருந்ததிலேயே உயர்ந்தது அது. அடுத்த அறையில் பாட்டுப்பெட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டியது, இப்போது அம்மாவுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் இயந்திரத்தின் முதுகில் சொருகியிருந்தது. இயந்திரத்தோடு வாடகைக்கு வந்த கறுப்பு ஒயர் ஜன்னல் விளிம்பில் சுருண்டு கிடந்தது. அப்பா தரையில் முழங்காலிட்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"சிலிண்டரை மாட்டிட்டுத்தான் கழட்டினேன். ஒரு நொடி காத்து நிக்கலை. வேணும்னா உங்க அம்மாவைக் கேளு."

"அதைக் கேக்கலை. இது எதுக்கு?"

"கரண்ட் சுத்தமா வரணுமில்ல? காலையிலேர்ந்து மிஷினு திணறுது. சத்தத்தைக் கேட்டா தெரியலை உனக்கு?"

திணறியது இயந்திரம் இல்லை. இயந்திரம் வந்த நாளிலிருந்து ஒரே சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் துணைமின் நிலையத்தில் பொறியாளர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா அவளை 'மின்சாரம்' என்றுதான் கூப்பிடுவார். இந்த ஒயர் சண்டை அவர்களுக்குள் பழையது. 'எத்தனையோ மைல் தாண்டி, கம்பம் கம்பமா வெறும் அலுமினியக் கம்பியில வர்ற கரண்டுக்கு, கடைசி ஆறடியில மட்டும் ராஜமரியாதை பண்ணா ஆச்சாப்பா?' என்பாள் அவள். 'மலையிலேர்ந்து வர்ற தண்ணிக்கு வடிகட்டியை எங்க வைப்பாங்க மின்சாரம்? வீட்டுக் குழாயிலதானே? மலை உச்சியிலயா?' என்பார் அவர். அம்மா சமையலறையிலிருந்து, 'ரெண்டு பேரும் சண்டையை வடிகட்டிட்டு சாப்பிட வாங்க' என்பாள். அப்போதெல்லாம் மூன்று பேரும் சிரித்தார்கள்.

இப்போது மகள் கையிலிருந்த ஈரத் துண்டை மடித்தாள். அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை அவருடையது. வாழ்நாள் முழுக்க, இருட்டறையில் உட்கார்ந்தவர்களின் கண்முன்னால் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டவர். அந்தக் குரலிலேயே, அவசரப்படுத்தாத அந்தத் தொழில் குரலிலேயே கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கு? முன்னாடி இருந்ததுக்கு இப்ப?"

அம்மா கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவருடைய முகத்தை, இடமிருந்து வலமாக, படிப்பதுபோலப் பார்த்தாள்.

"தெரியுதுங்க," என்றாள். "லேசா இருக்கு."

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் பாஸான பையன். அம்மாவின் விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அதை மகள் மட்டும் பார்த்தாள். ஈரத் துண்டை அம்மாவின் உதட்டில் ஒற்றி எடுத்தாள்.

டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நுரையீரல் கெட்டியாகிவிட்டது, எவ்வளவு காற்றை அனுப்பினாலும் உள்ளே வாங்கிக்கொள்ள இடமில்லை, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், "மிஷின் நல்ல கம்பெனிதானா?" என்று கேட்டார்.

மதியத்துக்குமேல் அம்மா பேசவில்லை. அப்பா கட்டிலின் ஒரு பக்கம், மகள் மறுபக்கம். அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதற்கு நடுவிலிருந்த இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்த பிறகுதான், இனி வராது என்பது மகளுக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லையா, புரிந்தும் ஒப்பவில்லையா, தெரியவில்லை. அவர் எழுந்துபோய்ச் சுவரில் பிளக்கை அழுத்திப் பார்த்தார். ஒயரின் மறுமுனையை அழுத்திப் பார்த்தார். இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாருமில்லாத இடத்துக்கு ஊதிக்கொண்டு.

"போதும்ப்பா," என்று சொல்லி அவள்தான் நிறுத்தினாள்.

அந்தச் சத்தம் நின்ற பிறகு வீட்டில் எத்தனை சத்தங்கள் இருந்தன என்று தெரிந்தது. குழாய் சொட்டியது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வீடு நிறைந்துவிட்டது. கூடத்தில் அம்மா புதுப் புடவைக்குள் சின்னதாகக் கிடந்தாள். உட்கார இடம் போதாமல், யாரோ பாட்டு அறையைத் திறந்துவிட்டார்கள். அப்பா யாரையும் காலணியோடு விடாத அறை. நடுவில் கிடந்த ஒற்றை நாற்காலியைத் தூக்கிப்போய்க் கூடத்தில் ஒரு முதியவருக்குக் கொடுத்தார்கள். அதன் நான்கு கால்களும் இருந்த இடத்தை அப்பா தரையில் வெள்ளை டேப்பால் குறித்து வைத்திருந்தார், ஒரு விரல்கூட நகரக்கூடாது என்று. அந்தக் குறிகளின்மேல் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப்போட்டு, வந்தவர்கள் உட்கார்ந்து செல்போன் பார்த்தார்கள்.

அத்தைக்கு அழுவதற்கு நடுவில் பேசவும் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை, நாக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

"ஒயருக்கெல்லாம் பட்டுச் சட்டை போட்டு வச்சிருக்கான் பாரு எங்கண்ணன். பாம்பு வளக்கறவன்கூட இவ்வளவு பண்ணமாட்டான்," என்று மூக்கைச் சிந்தினாள். "எங்க அண்ணி பாவம்டி. அந்தக் கதவுல சாஞ்சு சாஞ்சு அந்த எடத்துல பெயின்ட்டே போயிருக்கு பாத்தியா?"

மகள் பார்த்தாள். கதவு நிலையில், அம்மாவின் தோள் உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் தேய்ந்து மரம் தெரிந்தது. பிறந்து வளர்ந்த வீட்டில் அதை அவள் அதுவரை பார்த்ததில்லை. துடைப்பதுபோல அதன்மேல் கையை வைத்து, பிறகு எடுத்துக்கொண்டாள்.

அம்மாவைக் கொண்டுபோனார்கள். எரித்துவிட்டுத் திரும்பினார்கள். குளித்தார்கள். யாரோ சமைத்துக் கொண்டுவந்ததை யாரோ பரிமாறினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக, 'பாத்துக்கம்மா, அப்பாவை விட்டுடாதே' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அத்தை கூடத்திலேயே தலைக்குக் கையை வைத்துத் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் இயந்திரத்தை எடுத்துப்போக வாடகைக் கடைக்காரர் வந்தார். வருத்தத்தோடுதான் வந்தார், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் குனிந்து பார்த்ததும் முகம் மாறியது.

"மேடம், இந்த ஒயரு எங்களோடது இல்லையே?"

"உங்களோடது இங்க இருக்கு." ஜன்னலிலிருந்து கறுப்பு ஒயரை எடுத்துக் கொடுத்தாள்.

"எதுக்கு மாத்தினீங்க? ஏதாவது ரிப்பேரா?"

அதற்குள் அப்பா உள்ளே வந்தார். கடைக்காரரை விலக்கிவிட்டு, கீழே உட்கார்ந்து, நீல ஒயரைத் தானே கழற்றினார். இழுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக அசைத்து, எப்போதும் கழற்றுகிற மாதிரியே கழற்றினார். அதைச் சுருட்டாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பாட்டு அறைக்குள் போனார்.

கடைக்காரரை அனுப்பிவிட்டு மகள் அங்கே போனபோது, அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஓரத்தில், பாட்டுப்பெட்டியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஒயர் மடியில் கிடந்தது. மற்ற நாற்காலிகளை யாரோ சுவரோரம் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"காபி போடட்டுமாப்பா?"

"அவ சொன்னா, கேட்டியா?" என்றார் அப்பா. "நீயும் பக்கத்துலதானே இருந்தே. லேசா இருக்குன்னா."

"ம்."

"அப்ப முன்னாடியே மாத்தியிருந்தா?"

அவளுக்குப் புரியவில்லை.

"மிஷினு வந்த அன்னிக்கே மாத்தியிருக்கலாம். இது சும்மாதானே கெடந்தது இங்க, பத்தடி தூரத்துல. பாட்டுக்குக் குடுக்கத் தெரிஞ்சுது எனக்கு. அவ மூச்சுக்குக் குடுக்கணும்னு தோணலை." குரல் உயரவில்லை. கடையில் ஒருவருக்குப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "கடைசி நாள்ல போய்த் தோணுது. நானே கொன்னுட்டேன் மின்சாரம்."

"அப்படியெல்லாம் இல்லப்பா. டாக்டர் சொன்னாரில்ல? ஒயருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது வெறும்..."

"நீ எப்பவும் அதைத்தான் சொல்லுவே. நீ படிச்சது அது. டாக்டரு அவரு படிச்சதைச் சொல்றாரு. அவ அவளுக்குத் தெரிஞ்சதைச் சொன்னா." ஒயரின் பின்னலைக் கட்டை விரலால் தடவினார். "கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு, என் மனசு கோணக்கூடாதுன்னு பதில் சொல்லுவாங்க. ஒரே கண்ணாடியைக் கழட்டித் திருப்பி அதையே போடுவேன். 'ஆங், இது நல்லா இருக்கு சார்'ம்பாங்க. மாட்டிக்குவாங்க. உங்க அம்மாகிட்ட மட்டும் அந்த வேலையைச் செஞ்சதே இல்லை. ஒரு நாளும் இல்லை. அவளுக்கு எங்கிட்டப் பொய் சொல்ல வராது."

மகள் வாயைத் திறந்தாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அம்மாவுக்கு எந்த ஒயரிலும், எந்தப் பாட்டிலும், எந்த நாளிலும் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. அதைச் சொன்னால் அவர் கொலைகாரர் இல்லை. அதைச் சொன்னால், அந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்து, அவர் எதிரே நின்று, ஒவ்வொரு தடவையும் அவள் சொன்ன அந்த ஒற்றைச் சொல், அத்தனை வருஷத்துச் சொல், எதுவும் மிஞ்சாது. சொல்லாமல் விட்டால், இந்த மனிதர் இனிமேல் ஒவ்வொரு நாளும் அந்தப் பத்தடி தூரத்தை நடந்துகொண்டே இருப்பார்.

அவள் வாயை மூடினாள்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட இரண்டு பேரும் எழவில்லை. தரையில் நான்கு வெள்ளைக் குறிகள் மட்டும் தெரிந்தன. ஒன்று யார் காலிலோ ஒட்டிக்கொண்டு பாதி கிழிந்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார், குனிந்து ஒட்டவைக்கவில்லை. கதவு நிலையில் சாயம் போன இடம் அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அடுக்கியிருந்த நாற்காலிகளில் மேலே இருந்ததை உருவினாள். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. அதைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டாள். ஆனால் உட்காரவில்லை.

"என்ன?" என்றார் அப்பா.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தா. என்னைச் சொல்லக் கூடாதுன்னுட்டா. தானே கேட்டுக்கறேன்னா."

அப்பா நிமிர்ந்தார். மடியிலிருந்த ஒயர் சரிந்து தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"எங்கிட்டயா? கேக்கறதுக்கென்ன? நான் அவகிட்ட எதையாவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?" அவருடைய கண்கள் மகளின் முகத்தில் இடமிருந்து வலமாக நகர்ந்தன. "என்னன்னு சொன்னா?"

நாற்காலியின் முதுகை மகள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போடுங்கன்னு," என்றாள். "உங்க பக்கத்துல."